வந்த உயிருக்கு ஒரு மூலை

(சித்தூரில் தமிழ் வாசகர்கள் கூடிய ஒரு மாலையில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளே வரும்போது வாசலில் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "நாய் வளர்க்கறதுக்கு ஒரு சொற்பொழிவா சார்?" என்றார். நியாயமான கேள்விதான். நம் தாத்தா காலத்தில் யாரும் பாடம் கேட்டு நாய் வளர்க்கவில்லை. அது திண்ணைக்குக் கீழே கிடந்தது, மீந்த சோற்றைத் தின்றது, ராத்திரியில் குரைத்தது. ஆனால் அந்த நாய் வீட்டுக்குள் வந்ததில்லை. ஊர் முழுக்க அதற்கு வீடாக இருந்தது. இன்று நீங்கள் தத்தெடுக்கும் குட்டி லிஃப்டில் ஏறி மூன்றாவது மாடிக்குப் போகிறது. காலடியில் மண் இல்லை, வழுக்குகிற டைல்ஸ். கூடப்பிறந்ததுகளின் வாசனை இல்லை, ரூம் ஃப்ரெஷ்னர். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுகிறது, மூலையில் குக்கர் கத்துகிறது. ஒரே பிற்பகலில் அதன் உலகம் மொத்தமும் கைமாறிவிடுகிறது. அதனால்தான் இந்தப் பேச்சு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 11ஆம் தேதி, தில்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அதே மாதம் 22ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம். வெறிநோய் கண்டதையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக்கூடாது என்றது. அதே உத்தரவில், விரும்புகிறவர்கள் மாநகராட்சியிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம், ஆனால் அது மறுபடி தெருவுக்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றும் சொன்னது. பலர் இந்த வரியைக் கவனிக்கவில்லை. எனக்கு மொத்த உத்தரவிலும் இதுதான் முக்கியமாகப் படுகிறது. எடுத்து வருவது சுலபம். வந்தது வீட்டில் நிலைக்க வேண்டுமே!

ஏன் நிலைப்பதில்லை? வளர்க்கிறவருக்கு மனசு இல்லை என்பது பொதுவான பேச்சு. இத்தனை காலம் சிகிச்சை மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் வாரத்தில் மனசு கொஞ்சம் அதிகமாகவே இருந்துவிடுகிறது. அதுதான் சிக்கல்.

ஒரு வீட்டைச் சொல்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். டீக்கடைப் பக்கத்திலிருந்து செம்பட்டை நிறத்தில் ஒரு குட்டி வருகிறது. கழுத்தில் சிவப்பு ரிப்பன். வாசலில் ஆரத்தி. வந்த சூட்டோடு குளியல், ஷாம்பு போட்டு. ஈரம் காயும் முன்பே பெரிய பெண் மடியில், அங்கிருந்து சின்னவன் மடியில், அங்கிருந்து எதிர் ஃபிளாட் பாட்டியின் மடியில். வீடியோ காலில் பெங்களூர் மாமா. நடுநடுவே ஒரு கிண்ணம் பாலும் பிஸ்கட்டும். குட்டியைப் பாருங்கள்: வால் வயிற்றோடு ஒட்டியிருக்கிறது. நாக்கு திரும்பத் திரும்ப மூக்கை நக்குகிறது. கொட்டாவி விடுகிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்ப்பதில் கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிகிறது. "பாவம், தூக்கம் வருது" என்கிறார்கள். தூக்கமில்லை அம்மா, அது பயம். "என்னைக் கொஞ்சம் விடுங்களேன்" என்று தனக்குத் தெரிந்த பாஷையில் கெஞ்சுகிறது. கெஞ்சியும் கேட்காவிட்டால் உறுமும், உறுமியும் கேட்காவிட்டால் பல் படும். மறுநாள் "டாக்டர் சார், குட்டி கடிக்குது, வேற யாருக்காவது கொடுத்துடலாமா?" என்று போன் வரும்.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலக் காப்பகம் ஒன்றில் நாய்களின் ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பை அளந்து பார்த்திருக்கிறார்கள். 1997இல் வந்த ஆய்வு. புதிதாக வந்து சேர்ந்த நாய்களுக்கு முதல் மூன்று நாள் அது எகிறியிருந்தது. ஒன்பது நாளுக்கு மேல் இருந்தவற்றுக்கு இறங்கியிருந்தது. காப்பகமும் வீடும் ஒன்றல்லதான். என்றாலும் முதல் மூன்று நாளில் நாம் பார்ப்பது அந்த நாயின் உண்மையான குணமே இல்லை என்பது எனக்கு இதிலிருந்து தெளிவாகிறது. சாதுவாக மூலையில் கிடப்பதைப் பார்த்து "ரொம்ப அடக்கமான குட்டி" என்று நினைக்காதீர்கள். அது விறைத்துப் போயிருக்கலாம். மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று காப்பகக்காரர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள்: பயம் தெளிய, பழக்கம் பிடிக்க, வீடு தன்னுடையது என்று நம்ப. விஞ்ஞானம் என்று அதற்குப் பெயர் சூட்ட வேண்டாம், வாய்க்கணக்குதான். ஆனால் பொறுமை இல்லாத நமக்கு உபயோகமான கணக்கு.

அப்படியென்றால் முதல் நாள் என்ன செய்வது? ஒரு மூலை கொடுங்கள். ஆள் நடமாட்டம் குறைந்த இடமாக, இரண்டு பக்கம் சுவர் இருப்பதாக. வழுக்காமல் இருக்க ஒரு சாக்கு, அதன்மேல் பழைய போர்வை. முடிந்தால் அது முன்பு படுத்திருந்த துணியையே கேட்டு வாங்கி வாருங்கள். தண்ணீர். அது இதுவரை எதைத் தின்றதோ அதே சாப்பாடு. டீக்கடை பன்னாக இருந்தால்கூட இரண்டு மூன்று நாள் அதையே கொடுத்து, ஒரு வாரத்தில் மெல்ல மாற்றுங்கள். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றைக் கலக்கும். தயிர் சோறு பரவாயில்லை. குளியலைத் தள்ளிப் போடுங்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும். பிள்ளைகளுக்கு ஒரே ஒரு சட்டம்: நாய் தன் மூலையில் இருக்கும்போது யாரும் அங்கே போகக்கூடாது. அதுவாக எழுந்து வந்தால் தடவலாம். தலைமேல் கை கொண்டு போகாமல், பக்கவாட்டில் உட்கார்ந்து, நெஞ்சுப் பக்கம்.

ராத்திரி அழும். அழத்தான் செய்யும், முதல் முறையாகத் தனியாகப் படுக்கிறது. பால்கனியில் தள்ளிக் கதவைச் சாத்தாதீர்கள். உங்கள் கட்டிலுக்குக் கீழே படுக்கட்டும். மூச்சுச் சத்தம் கேட்டால் தூங்கிவிடும். பிறகு மெதுவாக இடம் மாற்றிக்கொள்ளலாம். ஒன்றுக்கிருக்கப் பழக்குவதைப் பெரிய வித்தையாகப் பேசுவார்கள். தூங்கி எழுந்ததும், தின்றதும், ஆடி முடித்ததும் வெளியே கொண்டு போங்கள், போனதும் பாராட்டுங்கள். உள்ளே போய்விட்டால் துடைத்துவிட்டுச் சும்மா இருங்கள். மூக்கைப் பிடித்து அதில் தேய்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனால் குட்டி கற்றுக்கொள்வது ஒன்றுதான்: இந்த ஆள் பார்க்கும்போது இருக்கக்கூடாது, சோபாவுக்குப் பின்னால் போய் இருக்க வேண்டும்.

தெருக்குட்டிகளைப் பற்றி ஒரு விஷயம். நம் நாட்டில் இவை பெரும்பாலும் குளிர்காலத்தில் பிறக்கும். கார்த்திகை, மார்கழியில் ஒவ்வொரு சந்திலும் ஒரு பட்டாளம். கொல்கத்தாவில் உள்ள ஐசர் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவும் அவர் மாணவர்களும் தெருநாய்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறார்கள். 364 குட்டிகளைத் தொடர்ந்து பார்த்ததில், ஏழு மாதம் வரை உயிரோடு இருந்தவை 19 சதவீதம் மட்டுமே. சாவுகளில் பாதிக்கு மேல் மனிதர்களால் வந்தவை. 2016இல் இதை வெளியிட்டார்கள். எனவே எடுத்து வருவது நல்ல காரியம்தான். ஆனால் கண் திறந்து தள்ளாடி நடக்கிற அழகில் மயங்கி ஒரு மாதத்துக் குட்டியைத் தூக்கி வந்துவிடுகிறோம். எட்டு வாரமாவது தாயோடும் கூட்டத்தோடும் இருக்க வேண்டும். கடித்தால் எவ்வளவு வலிக்கும் என்பதைக் கூடப்பிறந்ததுகளிடம்தான் அது கற்கிறது. தெருவிலேயே வளர்ந்த பெரிய நாயை எடுப்பவர்களுக்கும் தைரியம் சொல்கிறேன். அதே குழுவினர் 2017இல் இன்னொன்று கண்டார்கள்: முன்பின் தெரியாத மனிதரைத் தெருநாய் நம்ப வைப்பதில், திரும்பத் திரும்பக் கொடுத்த தீனியைவிடத் தலை தடவல் அதிகம் வேலை செய்தது. தடவ வேண்டும்தான், அது நம்மிடம் வந்த பிறகு. இன்னொன்று, பெரிய நாய்க்கு மூடிய கதவு பழக்கமில்லை. முதல் வாரம் கேட் திறக்கும்போதெல்லாம் கயிறு கையில் இருக்கட்டும். தப்பினால் தன் பழைய தெருவைத் தேடி ஓடும், நடுவில் நெடுஞ்சாலை இருக்கும்.

ஊசி விவரம் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்கிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் ஆகும்வரை இரண்டிலிருந்து நான்கு வார இடைவெளியில். வெறிநோய் ஊசி மூன்றாம் மாதம், பிறகு வருடா வருடம். குடற்புழு மருந்து தனி. பார்வோ கிருமி உடம்பில் புகுந்து சில நாள் கழித்தே வெளியே தெரியும். ஆகவே நன்றாக வந்த குட்டி நாலாம் நாள் சோர்ந்து, வாந்தி எடுத்து, ரத்தமாகப் போனால் "சாப்பாடு ஒத்துக்கல" என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள், அன்றே ஓடி வாருங்கள். திருப்பதியில் 1955இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2005 முதல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கீழ். அங்கேயே மருத்துவமனையும் உண்டு. புதுக் குட்டியின் பல்லோ நகமோ பட்டு ரத்தம் வந்தால், குட்டிதானே என்று விடாதீர்கள். இரண்டு மாதக் குட்டிக்கும் வெறிநோய் வரும். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மனித மருத்துவரிடம் போங்கள்.

இனி நம் ஊருக்கே உரிய சில தொல்லைகள். எந்தப் புத்தகத்திலும் இருக்காது, நான் சொன்னால்தான் உண்டு.

திருப்பதியில் வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அந்த வீட்டில் விருந்தாளி இல்லாத வாரம் கிடையாது. தூரத்து உறவு, பக்கத்து உறவு, வேலூர் சித்தப்பாவின் மேலதிகாரி, எல்லோருக்கும் தரிசனம். விடியற்காலை மூன்று மணிக்கு மொட்டைத் தலையோடு பத்துப் பேர் வீட்டுக்குள் நுழைவார்கள். நேற்று முடியோடு பார்த்த சித்தப்பா இன்று மொட்டை. நம் பிள்ளைகளே திகைக்கும்போது புது நாய் என்ன செய்யும்? (சிரிப்பு.) சிரிக்க வேண்டாம், எனக்கு வரும் 'குரைக்கிறது, பாய்கிறது' புகார்களில் பாதி இப்படி வந்தவை. வழி எளிது. விருந்தாளி வருமுன் நாயை அதன் மூலைக்கோ ஒரு அறைக்கோ அனுப்பி, மெல்ல ஏதாவது கொடுத்துக் கதவைச் சாத்துங்கள். விருந்தாளியை நாயிடம் கொண்டு போய் "கடிக்காது, தொடுங்க" என்று நிரூபித்துக் காட்டுகிற வீரம் வேண்டாம்.

அந்த விருந்தாளிகள் கையில் என்ன இருக்கும்? லட்டு. வீட்டில் எல்லோருக்கும் உதிர்த்துக் கொடுத்துவிட்டு, "அதுவும் ஒரு ஜீவன்தானே" என்று நாய்க்கும் ஒரு பிடி. பெருமாள் மன்னிக்கட்டும், கொடுக்காதீர்கள். லட்டில் உலர் திராட்சை இருக்கிறது. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சில நாய் நிறையத் தின்றும் தப்பும், சில நாய்க்குக் கொஞ்சமே போதும். எது எந்த நாய் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. காரணம் வெகுகாலம் புரியாமலிருந்தது. அதில் உள்ள டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அண்மையில்தான் சுட்டியிருக்கிறார்கள். அதே அமிலம் புளியிலும் உண்டு, புளி தின்ற நாய்களுக்கும் அதே கேடு வந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆக, புளியோதரையும் கிடையாது. வெறும் சாதப் பிரசாதம் இருந்தால் அதைக் கொடுத்துப் புண்ணியம் தேடிக்கொள்ளுங்கள்.

சித்தூர்க்காரர்கள் சந்தோஷப்பட வேண்டாம், உங்களுக்கு மாங்கொட்டை. தோத்தாபுரி காலத்தில் வீட்டைச் சுற்றிக் கொட்டைதான். சப்பிப் போட்டதைக் குட்டி விழுங்கும். அது குடலில் போய் அடைத்துக்கொள்ளும். வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். மே மாதம் இன்னொரு காரணத்துக்காகவும் உகந்ததல்ல. கங்கம்மா ஜாத்திரை, பறை, வேட்டு, அதோடு இந்த வெயில். குட்டி எடுத்து வருவதென்றால் ஜாத்திரை வாரத்தையும் தீபாவளி வாரத்தையும் தவிர்த்து நாள் பாருங்கள். நல்ல நாள் பார்ப்பதில் நமக்கென்ன குறை, இதையும் பஞ்சாங்கத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

திருமலை அடிவாரத்தில் குடியிருப்பவர்கள், அலிபிரி, கபிலதீர்த்தம் பக்கம், கவனியுங்கள். 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்றதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை. மகாராஷ்டிரத்தில் அகமதுநகர்ப் பக்கம் காட்டுயிர் ஆய்வாளர் வித்யா ஆத்ரேயா குழுவினர் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்ததில், தின்ற இரையின் எடையில் 39 சதவீதம் வீட்டு நாய். ராத்திரியில் புது நாயை வாசலில் கட்டிப் போடுவது அதற்குக் காவல் வேலை கொடுப்பதாகாது. கட்டிய நாயால் ஓடவும் முடியாது. உள்ளே படுக்க வையுங்கள், உங்கள் பிள்ளைகளுக்கும் அதுதான் பாதுகாப்பு.

பூனை வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ளும் முன் இரண்டு வார்த்தை. பூனைக்கு மனிதனைவிட இடம் முக்கியம். ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி போதும். நெதர்லாந்துக் காப்பகம் ஒன்றில் புதுப் பூனைகளில் ஒரு பாதிக்குப் பெட்டி கொடுத்து, மறுபாதிக்குக் கொடுக்காமல் பார்த்தார்கள். பெட்டி கிடைத்தவை சில நாளிலேயே தெளிந்துவிட்டன, மற்றவை பின்தங்கின. எனவே "கட்டிலுக்கடியிலேயே இருக்குது சார்" என்றால், இருக்கட்டும், சோற்றை அங்கே நகர்த்துங்கள். கறுப்பு ஃபினாயில் ஊற்றித் தரை துடைக்காதீர்கள், அதிலுள்ள ஃபினால் பூனையின் ஈரலால் செரிக்க முடியாத விஷம். அதே காரணத்தால் பாராசிட்டமால் பூனைக்கு எமன். காய்ச்சல் என்று அரை மாத்திரை கொடுத்துக் கொன்றவர்கள் நல்ல மனசுக்காரர்கள்தான்.

கிளி, நட்சத்திர ஆமை இரண்டையும் பற்றிக் கேட்பவர்களுக்குப் பதில் ஒன்றே. வனவிலங்குச் சட்டப்படி இரண்டையும் வீட்டில் வைக்கக்கூடாது. பழக்குவது பற்றிப் பேச ஒன்றுமில்லை.

புங்கனூருக்கு வருகிறேன். நம் பக்கத்து ஊர்ப் பெயரைத் தாங்கிய மாடு, இடுப்புயரம்கூட எட்டாத குள்ள இனம். அழிந்துபோகும் நிலைக்கு வந்து, பலமனேர் கால்நடை ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் காப்பாற்றப்பட்டது. 2024 ஜனவரியில், சங்கராந்தி சமயத்தில், பிரதமர் தம் இல்லத்தில் இந்த மாடுகளுக்குத் தீவனம் கொடுக்கும் படம் வந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? சென்னையிலும் ஐதராபாத்திலும் கூடத்தில் வளர்க்க ஆசைப்படாதவர் இல்லை. கார் பின்சீட்டில் கன்றைப் படுக்க வைத்துக் கொண்டு போகிறார்கள்.

குள்ளமாக இருப்பதால் அது பொம்மை ஆகிவிடாது. மாடு கூட்டத்தில் வாழ்கிற பிராணி, ஒற்றைக் கன்று ஏங்கும். பால்குடி மறக்காத கன்றைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து, புட்டிப்பால் ஊட்டிப் படம் எடுக்கிறார்கள். நாயாவது நம்மைக் கூட்டமாக ஏற்றுக்கொள்ளும். கன்றுக்கு நாம் முழுக்கூட்டமும் ஆக முடியாது. எடுத்தால் ஜோடியாக எடுங்கள், இல்லையேல் வேறு மாடோ ஆடோ துணையிருக்கும் இடத்தில் விடுங்கள். கிரானைட் தரையில் குளம்பு பிடிக்காமல் கால் அகன்று விழுந்த கன்றுகளைப் பார்த்தவன் நான். மண் தரை வேண்டும், இல்லாவிட்டால் சொரசொரப்பான சிமெண்டாவது.

இவற்றைவிட மோசமானது வரவேற்பு விருந்து. கோமாதா வந்திருக்கிறாள் என்று மாலை போட்டு, குங்குமம் வைத்து, ஒரு தாம்பாளம் சர்க்கரைப் பொங்கல். அசைபோடும் வயிறு புல்லுக்காக அமைந்தது. சோறும் வெல்லமும் மொத்தமாக உள்ளே போனால் அங்கே அமிலம் பொங்கி, வயிறு உப்பி, மாடு எழுந்திருக்காமல் போகும். கிரகப்பிரவேசத்துக்கு மறுநாள் எனக்கு அழைப்பு வருவது இதற்குத்தான். வைக்கோலும் பச்சைப் புல்லும் கொடுங்கள், பழைய இடத்துத் தீவனத்திலிருந்து இரண்டு வாரத்தில் படிப்படியாக மாறுங்கள். பொங்கலை நீங்கள் சாப்பிடுங்கள்.

இவ்வளவும் செய்து, மாதங்கள் பொறுத்தும், சில உயிர்கள் சில வீடுகளில் பொருந்துவதில்லை. கைக்குழந்தை உள்ள வீடாக இருக்கலாம், வயதானவர் தனியாக இருக்கும் வீடாக இருக்கலாம், அந்த நாய்க்கே மனிதக் கூட்டம் ஆகாமல் இருக்கலாம். அதைத் தோல்வி என்று நினைத்து மறைக்காதீர்கள். யாரிடமிருந்து வாங்கினீர்களோ அவரிடம் முதலில் சொல்லுங்கள், அது முடியாவிட்டால் என்னிடம் சொல்லுங்கள், வேறு வீடு தேடலாம். அது என்ன தின்னும், எதற்குப் பயப்படும், எந்த ஊசி எப்போது போட்டது என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுத்தனுப்புங்கள். ராத்திரியோடு ராத்திரியாகக் காரில் ஏற்றிக் காணிப்பாக்கம் ரோட்டில் இறக்கிவிட்டு, "கோயில் பக்கம், சோறு கிடைக்கும்" என்று திரும்புகிறவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தத் தெருவுக்கு ஏற்கனவே நாய்கள் இருக்கின்றன; புதிதாக வந்ததை அவை ஏற்காது.

நேரமாகிவிட்டது என்று அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பின்வரிசைப் பிள்ளைகள் முதலில்.